கதவு நாலு, தூண் ஒண்ணு, கோணச் சுவர் ஒண்ணு: இந்த ஹால்ல சோஃபாவ எங்கதான் போடறது?

கேள்வி: எங்க ஹால் நீளம் 22 அடி, அகலம் 10½ அடி. வாசக்கதவு குறுகலான பக்கத்துல, வலது மூலையில இருக்கு. உள்ள நுழைஞ்சா வலதுபக்க சுவர்ல 5 அடி தள்ளி பெட்ரூம் கதவு, அதுக்கு அப்புறம் 14 அடியில ஒரு தூண் 1 அடி துருத்திக்கிட்டு நிக்குது. இடதுபக்க சுவர்ல 12 அடியில கிச்சன் வாசல். அதைத் தாண்டி அந்த இடதுபக்க சுவரு கோணலா உள்ள வருது, கடைசில ஹாலோட அகலமே 9 அடிதான். எதிர்க்கோடியில பால்கனி, வலதுபக்கம் கண்ணாடிக் கதவு, இடதுபக்கம் ஜன்னல். இதுல ஒரு பெரிய எல் ஷேப் சோஃபா, 55 இன்ச் டிவி, 5 அடிக்கு 3 அடி டைனிங் டேபிள், மாமனார் காலத்து மர பீரோ, சென்டர் டேபிள் எல்லாம் இருக்கு. மாமியார் வாக்கர் வச்சுதான் நடக்கறாங்க, பையனுக்கு 4 வயசு. எல்லாத்தையும் இடதுபக்க சுவரோட ஒட்டிப் போட்டா ஹால் பெருசா தெரியும்னு நான் சொல்றேன். டிவிய வாசக்கதவு இருக்கற சுவர்ல மாட்டி, சோஃபாவ குறுக்க போடலாம்னு அவர் சொல்றார். தூணை ஒரு கப்போர்டு செஞ்சு மறைக்கலாமான்னு வேற யோசனை. இப்ப எப்படிப் போட்டாலும் யாராவது முட்டிய இடிச்சுக்கறோம். என்ன பண்ணலாம்?

பதில்: வணக்கங்க. மொதல்ல ஒரு நன்றி, அளவெல்லாம் போட்டு எழுதிருக்கீங்க, "ஹால் கொஞ்சம் நீளமா இருக்கும்"னு மட்டும் எழுதிட்டு சோஃபா எங்க போடலாம்னு கேக்கறவங்கதான் அதிகம், அதுக்கு என்னத்த சொல்ல முடியும். நீங்க குடுத்த அளவை வச்சு ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாத்துட்டுதான் இதை எழுதறேன்.

உங்க வீட்டுக்காரரும் நீங்களும் சோஃபா எங்க, டிவி எங்கன்னுதான் சண்டை போட்டுக்கறீங்க. அந்தக் கேள்விய ரெண்டாவதா வச்சுக்குவோம். இந்த ஹால்ல முதல்ல முடிவு பண்ண வேண்டியது நடக்கற வழி. நாலு வாசல் இருக்குங்க உங்களுக்கு. நாலு வாசல் இருக்கற ரூம்ல சாமானுக்கு எடம் நம்ம தேடறதில்ல, வாசல் போக மிச்சம் என்ன இருக்கோ அதுதான் எடம். இப்ப எல் ஷேப்போட நீட்டின பக்கம் கிச்சனுக்குப் போற வழியில கெடக்குதுன்னு நெனைக்கிறேன், ஆறு ஓடற எடத்துல வீடு கட்டினா தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும், அதான் எல்லாருக்கும் முட்டி வலி.

அதனால சாமானையெல்லாம் மறந்துட்டு வழிய மட்டும் வரையுங்க. நீங்க நுழையற கதவும் வலதுபக்கம், பெட்ரூமும் வலதுபக்கம், பால்கனிக் கதவும் வலதுபக்கம். இது உங்க அதிர்ஷ்டம்னே சொல்லுவேன், ஏன்னா மூணுக்கும் சேத்து வலதுபக்க சுவரோரமா ஒரே ஒரு வழி போதும். கிச்சன் மட்டும்தான் எதிர்ப்பக்கம், அதுக்கு 12லேர்ந்து 15 அடி வரைக்கும் குறுக்க ஒரு வழி. அவ்வளவுதான், ரெண்டே கோடு. யாரும் ஹாலுக்கு நடுவுல மூலைக்கு மூலை சாய்வா நடக்க வேண்டிய அவசியமே இல்ல, இப்ப அப்படித்தான் நடந்துட்டு இருப்பீங்க.

அகலம் எவ்வளவு விடணும்னா, சாதாரணமா ஆளுங்க போற முக்கிய வழிக்கு 3 அடி நல்லது, ரெண்டரை அடி வரைக்கும் சமாளிக்கலாம், 2 அடிங்கறது எப்பவாச்சும் ஒருத்தர் ஒதுங்கிப் போற எடத்துக்கு மட்டும். உங்க வீட்ல வாக்கர் இருக்கறதால வாசல்லேர்ந்து கிச்சன் வரைக்கும் உள்ள வழியில 3 அடிக்கு ஒரு இன்ச் கூட குறைக்காதீங்க. வாக்கரே ரெண்டு அடி கிட்ட அகலம் இருக்கும், அதை வச்சுக்கிட்டு பெட்ரூம் வாசல்லேர்ந்து திரும்பணும்னா அதுக்கு மேல எடம் வேணும், கையும் சுவர்ல உரசக் கூடாது. தூணைத் தாண்டி பால்கனிக்குப் போற கடைசி பாகம் மட்டும் ரெண்டரை அடி போதும், அங்க நடமாட்டம் கம்மி.

இப்ப இந்த ரெண்டு வழியையும் கழிச்சா என்ன மிஞ்சுது பாருங்க. வாசல் பக்கம், இடதுபுறத்துல 12 அடி நீளம் ஏழரை அடி அகலத்துக்கு ஒரு துண்டு. பால்கனி பக்கம், கோணச் சுவரை ஒட்டி 7 அடி நீளத்துக்கு ஒரு துண்டு, அதோட அகலம் ஒரு கோடியில 8 அடி, ஜன்னல்கிட்ட ஆறரை. முதல் துண்டு உக்காரறதுக்கு, ரெண்டாவது சாப்பிடறதுக்கு. கிச்சனும் ரெண்டாவது துண்டுக்குப் பக்கத்துலயே இருக்கு, இதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

உக்காரற எடத்துக்கு வருவோம், இதுலதான் உங்க ரெண்டு பேர் கட்சியும் இருக்கு.

உங்க ஐடியா, இடது சுவரோட ஒட்டி சோஃபா. அப்ப டிவி எதிர் சுவர்ல, பெட்ரூம் கதவுக்கும் தூணுக்கும் நடுவுல வரணும். நீங்க சொல்ற மாதிரி ஹால் பெருசாத்தான் தெரியும், பொய் இல்ல. ஆனா பெருசா தெரியற அந்தக் காலி எடம் என்னன்னா நடைபாதை. வீட்ல யார் எங்க போனாலும் டிவிக்கும் உங்களுக்கும் குறுக்க போவாங்க, மாமியார் வாக்கரோட மெதுவா போவாங்க, பாதி சீன் போயிடும், அவங்களுக்கும் அது ஒரு சங்கடம், "நான் வந்தா மறைக்குதோ"ன்னு ரூமை விட்டு வெளிய வராமயே இருந்துடுவாங்க. இது நெறைய வீட்ல நடக்குது, யாரும் வாய்விட்டு சொல்றதில்ல.

சாமானை சுவரோட ஒட்டறதைப் பத்தி ஒரு பழைய ஆய்வு இருக்கு, சொல்லியே ஆகணும். 1950கள் கடைசில கனடாவுல சஸ்காட்சவான் மாகாணத்துல ஒரு ஆஸ்பத்திரி, வயசான பெண்கள் இருக்கற வார்டு. பெயின்ட் புதுசு, நாற்காலி புதுசு, எல்லாம் பளபளன்னு பண்ணிக் குடுத்துட்டாங்க, ஆனா அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறதே இல்ல. ராபர்ட் சோமர்னு ஒரு உளவியலாளர் போய்ப் பாத்தா நாற்காலி பூரா சுவரோரமா வரிசையா போட்டிருக்கு, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசணும்னா கழுத்தைத் திருப்பணும், எதிர்ல இருக்கறவங்க ரொம்ப தூரம். அவரு சின்னச் சின்ன மேசை போட்டு அதைச் சுத்தி நாற்காலிய வச்சாரு. மொதல்ல யாருக்கும் பிடிக்கல, நாற்காலியெல்லாம் திரும்பத் திரும்ப சுவரோரமே போயிடுச்சாம். விடாம செஞ்சு சில வாரம் கழிச்சு எண்ணிப் பாத்தா பேச்சு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிருந்துச்சு. ஆள் அதே ஆள், நாற்காலி அதே நாற்காலி. சுவரோட ஒட்டினாதான் ஒழுங்குன்னு நமக்கு ஒரு பழக்கம், அதுக்கு மேல அதுல காரணம் ஒண்ணும் இல்ல.

உங்க வீட்டுக்காரரோட ஐடியாவுல வாசக்கதவு சுவர்ல டிவி, அதைப் பாத்து சோஃபா குறுக்க. உண்மையச் சொல்றேன், இது மோசமான ஐடியா இல்லவே இல்ல, ஹாலை ரெண்டாப் பிரிச்சுடும், 7 அடி சோஃபா குறுக்க போட்டாலும் பக்கத்துல 3 அடி வழி கிடைக்கும். கோளாறு ரெண்டு. ஒண்ணு, பால்கனிக் கண்ணாடிக்கு நேர் எதிர்ல டிவி வருது, பகல்ல படத்தை விட பால்கனிதான் ஸ்கிரீன்ல நல்லா தெரியும், எப்பவும் கர்ட்டன் போட்டே வச்சுக்கணும். ரெண்டு, டிவிக்குப் பக்கத்துலயே வாசக்கதவு, பெல் அடிச்சு கதவைத் திறந்தா வெளிய நிக்கறவங்க கண்ணு நேரா சோஃபாவுல உக்காந்திருக்கற உங்க மேலதான் விழும். சில வீட்ல இது பரவால்ல, உங்களுக்கு எப்படின்னு நீங்கதான் சொல்லணும். நான் இதை ரெண்டாவது சாய்ஸா வச்சுக்குவேன்.

என் முதல் சாய்ஸ்: டிவி இடது சுவர்ல, சோஃபா அதைப் பாத்து, முதுகு நடைவழிப் பக்கம். அதாவது சோஃபா எந்தச் சுவரையும் தொடாது. கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கும், "நடுவுலயா?"ன்னு அவரே கேப்பாரு, ஆனா கணக்கைப் பாருங்க. ஏழரை அடியில சோஃபா ஆழம் 3 அடி, டிவிய சுவர்லயே மாட்டிட்டா உங்க கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் ஆறு அடி சொச்சம் வரும். டிவியோட மூலைக்கு மூலை அளவை 1.2லேர்ந்து 1.6 வரைக்கும் பெருக்கினா உக்காரற தூரம், 55 இன்ச்சுக்கு 66லேர்ந்து 88 இன்ச், அதாவது ஐந்தரை அடியிலேர்ந்து ஏழு அடி சொச்சம். சரியா உள்ள விழுது. பால்கனி வெளிச்சமும் டிவிக்குப் பக்கவாட்டுல வரும், கண்ணாடி பிம்பம் பெரிசா தொல்லை பண்ணாது. எல்லாத்துக்கும் மேல, நடக்கறவங்க எல்லாரும் உங்க முதுகுக்குப் பின்னாடி போயிடுவாங்க, யாரும் யாருக்கும் குறுக்க இல்ல.

டிவிய எவ்வளவு உயரத்துல மாட்டறதுன்னு ஒரு வரி. தயவுசெஞ்சு உச்சாணில மாட்டாதீங்க. உக்காந்தா கண்ணு தரையிலேர்ந்து 40, 42 இன்ச்சுல இருக்கும், ஸ்கிரீனோட நடு அதுக்கு நேர வரணும், 55 இன்ச் டிவிக்கு கீழ் விளிம்பு தரையிலேர்ந்து ஒரு 28 இன்ச். மாட்ட வர்றவரு "இன்னும் கொஞ்சம் மேல வச்சாதாங்க அழகு"ன்னுவாரு, கழுத்து அவரோடது இல்ல.

இப்ப டிவி பாயின்ட் வலது சுவர்ல இருக்கும்னு நெனைக்கிறேன். அதை இடதுக்கு மாத்தாம எக்ஸ்டென்ஷன் ஒயரை தரையில இழுத்துக் கொண்டு வந்துடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. வாக்கர் போற வழியில ஒயர் கூடவே கூடாது. சுவரை உடைக்க வேணாம்னா கேசிங் பட்டி அடிச்சு மேல்வழியா கொண்டு வரச் சொல்லுங்க, பெயின்ட் அடிச்சுட்டா கண்ணுக்கே தெரியாது.

எல் ஷேப் சோஃபா. இதை முழுசா வச்சுக்கிட்டு என்னால கூட இந்த ஹாலை சரி பண்ண முடியாதுங்க. ஆனா விக்கறதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு பாருங்க, முக்கால்வாசி எல் ஷேப் ரெண்டு துண்டாத்தான் வரும், நடுவுல இரும்புக் கொக்கியோ பிளேட்டோ வச்சு கோத்திருப்பாங்க. கழட்டிடலாம். நீளமான துண்டு டிவிக்கு எதிர்ல. சின்னத் துண்டை வாசல் சுவர்ப் பக்கமா, முதல் துண்டுக்குச் செங்குத்தா, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடுங்க. பிரிச்சா ஒரு பக்கம் கைப்பிடி இல்லாம மொட்டையா நிக்கும், அங்க சோஃபா கைப்பிடி உயரத்துக்கு ஒரு சின்ன ஸ்டூலோ சைடு டேபிளோ வச்சா சரியாப் போச்சு. பிரிக்கவே முடியாத மாடல்னா விக்கறதுதான் வழி, வருத்தமா இருக்கும், ஆனா அதைக் காப்பாத்தறதுக்காக நாலு பேரும் வளைஞ்சு நெளிஞ்சு நடக்கறது நியாயமில்ல.

சென்டர் டேபிள் வேணாம். சோஃபாவுக்கும் டேபிளுக்கும் 16லேர்ந்து 18 இன்ச் விட்டாதான் கால் நுழையும், அந்தப் பக்கமும் ஆள் போகணும், உங்களுக்கு மொத்தமே 4 அடி சொச்சம்தான் இருக்கு, அதுல டிவிக்குக் கீழ ஒரு அடி ஆழத்துல ஒரு ஸ்டாண்டு வச்சா இன்னும் குறையும். நாலு வயசுப் பையன் ஓடற வீட்ல நடுவுல கூர்மூலையோட ஒரு டேபிள் எதுக்கு? ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற சின்ன டேபிள் செட் இருந்தா போதும், வேணுங்கறப்ப இழுத்துக்கலாம். கார்ப்பெட்டும் அப்படித்தான். போட்டே ஆகணும்னா மெல்லிசா, அடியில வழுக்காத மேட் வச்சு, சோஃபாவோட முன்னங்கால் ரெண்டும் அது மேல ஏறி நிக்கற மாதிரி போடுங்க. நடைவழிப் பக்கம் அதோட ஓரம் எட்டிப் பாக்கக் கூடாது, வாக்கரோட காலு அந்த ஓரத்துல மாட்டினா ஆபத்து.

பீரோவுக்கு எடம் வாசல் சுவரோட இடது மூலை. உயரமான கனமான சாமானை நடைவழியிலேர்ந்து எட்டத்துல வச்சாதான் ஹால் நெருக்கமா தெரியாது. இதுக்கு ஏத்த மாதிரி சோஃபாவோட சின்னத் துண்டைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துக்குங்க, பீரோ கதவு திறக்கற அளவு எடம் வேணும்ல. அப்புறம் முக்கியமான விஷயம், பீரோவை சுவரோட எல் கிளாம்ப் போட்டு இறுக்கிடுங்க, கனமானதெல்லாம் கீழ்த்தட்டுல வைங்க. சின்னப் பசங்க தட்டைப் படி மாதிரி மிதிச்சு ஏறுவாங்க, கதவும் திறந்திருந்தா எடை முன்னாடி வந்து அப்படியே சாயும், மர பீரோ கனமாச்சே அதெல்லாம் சாயாதுன்னு நெனைக்காதீங்க, கனமா இருக்கறதாலதான் அது பயம். இதை மட்டும் மத்த எதையும் செய்யறதுக்கு முன்னாடி செஞ்சுடுங்க.

தூணைப் பத்தி. கப்போர்டு செஞ்சு மறைக்கறது வேணவே வேணாம், 1 அடி துருத்தற தூணை மறைக்க ஒன்றரை அடி கப்போர்டு வந்து நிக்கும், அதுவும் வழியில. பக்கத்துச் சுவர் கலரையே தூணுக்கும் அடிச்சுட்டு விட்டுடுங்க. அதுல கண்ணாடி, ஃபோட்டோ, ஹூக்குன்னு ஒண்ணும் மாட்டாதீங்க, மாட்ட மாட்ட அதுதான் கண்ணுல படும். உண்மையில அந்தத் தூண் நல்ல எடத்துலதான் இருக்கு, கிச்சன் வாசலுக்கு எதிர்ல, உக்காரற எடம் முடிஞ்சு சாப்பிடற எடம் ஆரம்பிக்கற இடத்துல. ரெண்டு ரூமா தெரியணும்னு தனியா தடுப்பு வைக்கற செலவு மிச்சம்.

கோணச் சுவர்தான் எனக்கு இந்த ஹால்ல ரொம்பப் பிடிச்ச விஷயம். இந்த மாதிரி சுவர்கிட்ட நீளமான, கோடு கோடான சாமானை வச்சா கோணல் இன்னும் எடுத்துக் காட்டும், ஏன்னா டேபிளோட ஓரம் ஒரு பக்கம் போகும், சுவர் இன்னொரு பக்கம் போகும், கண்ணு ரெண்டையும் ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும். வட்ட டேபிள் வச்சா ஒப்பிட ஓரமே கிடையாது. 42 இன்ச் விட்டம் இருந்தா நாலு பேர் தாராளமா உக்காரலாம், அஞ்சாவது ஆள் வந்தா கொஞ்சம் இடிச்சுக்கணும், ஒரு ஆளுக்கு 24 இன்ச்னு வச்சுக்கங்க. ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கற நாற்காலிக்கு 20 இன்ச் சேத்தா மொத்தம் 7 அடிக்குள்ள முடிஞ்சுடும். நாற்காலிய பின்னாடி தள்ளி எந்திரிக்கறப்ப பால்கனி வழியில கொஞ்சம் நுழையும்தான், சாப்பிடற நேரத்துல அந்த வழியில யாரு போகப் போறாங்க, அது பரவால்ல. வழிப் பக்கம் இருக்கற நாற்காலிய மாமியாருக்குக் குடுங்க, வாக்கரோட நேரா வந்து உக்காரலாம், யாரையும் எந்திரிக்கச் சொல்ல வேணாம், வாக்கரையும் கைக்கு எட்டற எடத்துல நிறுத்திக்கலாம்.

வட்ட டேபிள் உடனே வாங்க முடியாதுன்னா இப்ப இருக்கறதையே நீளப்பக்கம் கோணச் சுவரோட ஒட்டற மாதிரி போடுங்க. நீளப்பக்கம் ரெண்டு பேர், கிச்சன் பக்க ஓரத்துல ஒருத்தர், ஜன்னல் பக்கம் ஒருத்தர் ஒடுங்கி உக்காரணும். அழகு கம்மிதான், வழி அடைக்காது. விருந்தாளி வந்தா வெளிய இழுத்துக்கலாம்.

இதையெல்லாம் என் பேச்சை நம்பி உடனே இழுத்துப் போட்டுடாதீங்க. முதல்ல பெயின்டர் ஒட்டற மாஸ்கிங் டேப் வாங்கி, ஒவ்வொரு சாமானோட அளவையும் தரையில ஒட்டுங்க, பழைய அட்டைப்பெட்டிய சோஃபா இருக்கற எடத்துல அடுக்கி வைங்க, வெறும் டேப்பா இருந்தா கால் அதை மதிக்காது, மிதிச்சுட்டுப் போயிடும். ரெண்டு மூணு நாள் அப்படியே இருங்க. ரெண்டு கையிலயும் தட்டு ஏந்திக்கிட்டு கிச்சன்லேர்ந்து டேபிளுக்கு நடந்து பாருங்க, ராத்திரி லைட் போடாம பெட்ரூம்லேர்ந்து கிச்சனுக்குப் போய்ப் பாருங்க, மாமியாரை வாக்கரோட நடக்கச் சொல்லி பின்னாடி நின்னு கவனிங்க. அவங்க எங்க தயங்கறாங்களோ அங்க டேப்பை நகர்த்துங்க. பேப்பர்ல வரைஞ்சதை விட இதுதான் சரியான அளவு.

அளவையும் ஒருதடவை மறுபடி எடுத்துடுங்க. அகலத்தை ஒரு எடத்துல மட்டும் எடுக்காம வாசல்கிட்ட, நடுவுல, கிச்சன்கிட்டன்னு மூணு எடத்துல எடுங்க, கட்டடத்துல சுவர் நேரா இருக்கும்னு நம்பாதீங்க, ஸ்கர்ட்டிங் டைல்ஸ் வேற அரை இன்ச் துருத்தும். முன்பக்க 12 அடியில மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே அளவு வரலைன்னா அங்கயும் லேசா கோணல் இருக்குன்னு அர்த்தம், அப்ப சோஃபாவை டிவி சுவருக்கு இணையா போடுங்க, பின்பக்கச் சுவரைக் கணக்குல எடுக்காதீங்க, நீங்க உக்காந்து பாக்கப் போறது டிவி சுவரைத்தான். இந்த அளவுல முக்கியமா ஏழரை அடி ஏழடியா குறைஞ்சா எனக்கு எழுதுங்க, அப்ப உங்க வீட்டுக்காரர் சொன்ன ஐடியாவுக்கே போயிடலாம், பால்கனிக்கு நல்ல கனமான கர்ட்டன் போட்டுக்கிட்டு.

கடைசியா, வட்ட டேபிள் பாக்கப் போனா நாலு காலு வச்சதை எடுக்காதீங்க. நடுவுல ஒத்தக் கால் வச்சது எடுங்க, நாலு பேர் முட்டியும் தப்பிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஓரத்துல கைய ஊனி நல்லா அமுக்கிப் பாருங்க, மாமியார் எந்திரிக்கறப்ப அதுலதான் கை ஊனுவாங்க, தூக்கிச்சுன்னா அந்த டேபிள் வேணாம்.